பரோல்: சொல்லின் பேரில் விடுதலை

நுழையும்முன்

நாளிதழ்களில் அடிக்கடி இடம்பெறும் சொற்களுள் ஒன்று 'பரோல்'. தாயின் இறுதிச்சடங்கில் கலந்துகொள்ளவோ மகளின் திருமணத்தைக் காணவோ சிறைவாசி ஒருவர் சில நாள் வெளியே வருகிறார் எனில், அவர் 'பரோலில் வந்திருக்கிறார்' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்த இச்சொல்லை ஆங்கிலம் பிரெஞ்சு மொழியிலிருந்து பெற்றது. பிரெஞ்சு மொழியில் இதற்கு விடுப்பு என்றும் பொருளில்லை. விடுதலை என்றும் பொருளில்லை. 'சொல்' என்பதே அதன் பொருள். சொல்லைக் குறித்த சொல் சிறைக் கதவைத் திறக்கும் சொல்லாக மாறியது எவ்வாறு?

வாலிகண்டபுரத்தில் இரு படைகள்

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது வாலிகண்டபுரம். வாலி சிவபெருமானை வழிபட்ட இடம் என்னும் வழக்கு ஊர்ப்பெயரிலும் வாலீசுவரர் கோயிலிலும் நிலைத்திருக்கிறது. இவ்வூருக்கு வடக்கே அதே சாலையில் ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இவ்வூர்ப்பெயரை ஒலிக்க இயலாமல் 'வொல்கொண்டா' என்று எழுதிவைத்தனர். வாலியும் போய், கண்டதும் போய், புரமும் போய், கோல்கொண்டாவின் தம்பிபோல் ஒரு பெயர் அவர்களுடைய ஆவணங்களில் நின்றுவிட்டது. வேற்றுமொழிச் சொல் ஒன்றை ஒரு மொழி தன் நாவுக்கேற்பத் திருத்திக்கொள்வதற்கு நம் மாவட்டத்திலேயே கிடைக்கும் சான்று இது.

கருநாடகப் போர்களின்போது பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இங்கு மோதினர். ஆர்க்காட்டு நவாபு பதவிக்குச் சந்தா சாகிபும் முகம்மது அலியும் போட்டியிட்டனர். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரரும் பின்னவருக்கு ஆங்கிலேயரும் துணைநின்றனர். 1751ஆம் ஆண்டு வாலிகண்டபுரத்தில் நிகழ்ந்த மோதலில் ஆங்கிலப் படை நிலைகுலைந்து, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் பின்வாங்கியது. ஓராண்டு கழிவதற்குள் காட்சி மாறியது. திருவரங்கத்தில் முற்றுகைக்குள்ளாகியிருந்த பிரெஞ்சுத் தளபதி லாவுக்கு உதவியாகப் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே ஒரு படையை அனுப்பினார். அதனை நடத்திவந்த தோத்தேய், இராபர்ட் கிளைவால் வழிமறிக்கப்பட்டு வாலிகண்டபுரத்துக்குப் பின்வாங்கி, 1752ஆம் ஆண்டு ஜூன் மாதம் அங்கேயே சரணடைந்தார். உதவி வாராதென்று தெரிந்தபின் அதே மாதத்தில் லாவும் சரணடைந்தார்.

சரணடைந்த படையை வென்றவர் என்ன செய்வார்? இக்கேள்விக்கு அக்கால ஐரோப்பியர் கண்ட விடைதான் பரோல்.

மானத்தின் பேரில் ஒரு சொல்

பிரெஞ்சு மொழியில் 'பரோல் தொனோர்' என்பது ஒரு தொடர். 'மானத்தின் பேரில் தரும் சொல்' என்று அதனைத் தமிழாக்கலாம். போரில் பிடிபட்ட அதிகாரி ஒருவர், 'இன்ன காலம்வரை உங்களுக்கு எதிராக ஆயுதம் எடுக்கமாட்டேன்' என்றோ 'இவ்வெல்லையைத் தாண்டமாட்டேன்' என்றோ எழுதிக் கையொப்பமிடுவார். அதன்பின் அவருக்கு விலங்கும் இல்லை, காவலும் இல்லை. நெப்போலியன் காலப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சு அதிகாரிகள் இங்கிலாந்தின் சிற்றூர்கள் சிலவற்றில் இவ்வாறு வைக்கப்பட்டனர். ஊர் எல்லையிலிருந்து நெடுஞ்சாலை வழியே ஒரு மைல்வரை அவர்கள் உலாவலாம். ஒரு மைலுக்கு அப்பால் அவர்களைத் தடுக்க மதில் இல்லை. அவர்கள் தந்த சொல் மட்டுமே இருந்தது.

நீண்ட தொடர் ஆங்கிலத்தில் புகுந்தபோது 'மானம்' உதிர்ந்து 'பரோல்' மட்டும் எஞ்சியது. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் இதனைப் படைத்துறைச் சொல்லாக வழங்கினர். இரவுக் காவலில் அதிகாரிகள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளப் பயன்படுத்திய அன்றாட அடையாளச் சொல்லுக்கும் அவர்களிடம் இதுவே பெயராயிற்று. இப்பொருள் இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டது.

திருவரங்கத்தில் லாவின் படை சரணடைந்தபோது எழுதப்பட்ட நிபந்தனைகளில் பரோலும் ஒன்று. நவாபு முகம்மது அலிக்கும் அவருடைய நட்புப் படையினருக்கும் எதிராகப் போரிடுவதில்லை என அதிகாரிகள் சொல் தரவேண்டும்; சாதாரணப் படைவீரர்களோ போர்க்கைதிகளாகவே இருக்கவேண்டும். இவ்வேறுபாட்டை ஊன்றி நோக்குதல் வேண்டும். அதிகாரியின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. வீரனின் சொல்லை யாரும் கேட்கவே இல்லை. மானம் என்பது மேற்குடியினரின் உடைமை என அக்கால ஐரோப்பா கருதியது. பரோல் என்னும் வழக்கம் மனிதநேயத்தால் மட்டும் வளர்ந்ததன்று. கைதிகளுக்குச் சோறிட்டுக் காக்கும் செலவை அது வென்றவருக்கு மிச்சப்படுத்தியது என்பதும் உண்மை.

அதே திருவரங்கத்தில், அதே நாள்களில், வேறொரு சொல்லும் கொடுக்கப்பட்டது. தோல்வி உறுதியானதும் சந்தா சாகிபு தஞ்சைப் படைத்தலைவர் மானோஜியிடம் அடைக்கலம் நாடினார். பாதுகாப்பாகக் கொண்டுசேர்ப்பதாக மானோஜி ஆயுதத்தின் மீது ஆணையிட்டார் என்பது ஆங்கில வரலாற்றாசிரியர் இராபர்ட் ஓர்ம் தரும் செய்தி. அச்சொல் காக்கப்படவில்லை. சந்தா சாகிபு சிறைப்பட்டு, சில நாள்களில் தலை வெட்டப்பட்டார். பிரெஞ்சு அதிகாரிகள் சொல் கொடுத்து உயிரோடு வெளியேறினர். அவர்களை நம்பிப் படைநடத்தியவர் சொல்லை நம்பி மாண்டார். ஐரோப்பியர் சொல் காத்தனர், நம்மவர் காக்கவில்லை என்று இதிலிருந்து எவரேனும் முடிவுகட்டுவாராயின், அவர் ஆறு ஆண்டுகள் பின்சென்று 1746ஆம் ஆண்டின் சென்னையைப் பார்க்கவேண்டும்.

அவ்வாண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றினார். ஆங்கிலேயர் பரோலில் விடப்பட்ட போர்க்கைதிகள் ஆயினர். பெருந்தொகை பெற்றுக்கொண்டு நகரைத் திருப்பித் தருவதாக அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது. டூப்ளே அவ்வுடன்பாட்டை ஏற்கவில்லை. புயலில் கப்பல்களை இழந்த லா பூர்தொனே சென்னையை விட்டு நீங்கியதும் உடன்பாடு செல்லாது என அறிவிக்கப்பட்டது. 'உங்கள் பக்கத்துச் சொல்லை நீங்கள் முறித்தபின் எங்கள் சொல் எங்களைக் கட்டாது' என்பது ஆங்கிலேயரின் வாதம். கும்பினியில் எழுத்தராக இருந்த இருபத்தொரு வயது கிளைவ், உள்நாட்டாரின் உடையில் மாறுவேடம் பூண்டு, கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டைக்குத் தப்பினார். பின்னாளில் வாலிகண்டபுரத்தில் தோத்தேயைச் சரணடையச் செய்தவர் இவரே.

லா பூர்தொனேயின் கதை இன்னும் வியப்பானது. தாயகம் திரும்பும் வழியில் ஆங்கிலேயரிடம் சிக்கிய அவர், பரோலின் பேரிலேயே பிரான்சுக்குச் செல்ல விடப்பட்டார். பகைவர் அவருடைய சொல்லை நம்பினர். சொந்த நாடோ சென்னையை விலைபேசினார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் அவரைப் பஸ்தீல் சிறையில் அடைத்தது. குற்றமற்றவர் என 1751ஆம் ஆண்டு விடுவிக்கப்பட்ட அவர், இரண்டு ஆண்டுகளில் மறைந்தார்.

ஒரு வேர், பல கிளைகள்

'பரோல்' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் உள்ளது. 'பரபொலே' என்னும் கிரேக்கச் சொல் 'அருகருகே வைத்தல்', 'ஒப்பிடுதல்' எனப் பொருள்படும். ஒன்றன் அருகே மற்றொன்றை வைத்துச் சொல்லும் உவமைக் கதைக்கு அது பெயராயிற்று. விவிலியத்தின் உவமைக் கதைகள் வாயிலாக இலத்தீனில் பரவிய அச்சொல், காலப்போக்கில் கதை என்பதிலிருந்து பேச்சு என்னும் பொதுப்பொருளுக்கு விரிந்து, பிரெஞ்சு மொழியில் 'பரோல்' ஆனது. பேசுதல் என்னும் வினையும் அவ்வேரிலிருந்தே பிறந்தது. பேசிக் கூடும் அவையாகிய 'பார்லிமெண்ட்' அவ்வினையின் வழிவந்தது. கணிதப் பாடத்தில் மாணவர் வரையும் பரவளையத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பாரபோலா' என்னும் பெயரும் அக்கிரேக்கச் சொல்லே. சிறைவிடுப்பும் நாடாளுமன்றமும் பரவளையமும் ஒரு குடும்பத்தினர் என்றால் நம்புதற்கு அரிதாகவே உள்ளது.

மொழியியல் பயில்வோர் இச்சொல்லை மற்றொரு பொருளிலும் சந்திப்பர். சுவிட்சர்லாந்து மொழியியல் அறிஞர் பெர்தினான் தெ சொசூர், ஒரு சமூகத்துக்குப் பொதுவான மொழியமைப்பை 'லாங்' என்றும், தனிமனிதர் அதனைப் பயன்படுத்திப் பேசும் பேச்சைப் 'பரோல்' என்றும் பிரித்தார். அவருடைய விரிவுரைகள் அவர் மறைவுக்குப்பின் 1916ஆம் ஆண்டு நூலாயின. இங்குச் சொல், தன் பழைய பிரெஞ்சுப் பொருளிலேயே நிற்கிறது.

படைக்களத்திலிருந்து சிறைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சொல் இடம்பெயர்ந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நார்போக் தீவின் தண்டனைக் குடியிருப்புக்கு 1840ஆம் ஆண்டு பொறுப்பேற்ற அலெக்சாண்டர் மெக்கனோக்கி, நன்னடத்தைக்கும் உழைப்புக்கும் மதிப்பெண் வழங்கி, அதன்வழிக் கைதிகள் படிப்படியாக விடுதலையை ஈட்டும் முறையைக் கொண்டுவந்தார். கைதியை ஒடுக்குவதைவிட அவரை நம்பிப் பார்ப்பது பயன்தரும் என்பது அவர் எண்ணம். அமெரிக்காவில் 1876ஆம் ஆண்டு திறக்கப்பட்ட எல்மைரா சீர்திருத்தச் சிறை இவ்வெண்ணத்தை வளர்த்தெடுத்தது. தண்டனைக் காலம் முடியுமுன் நிபந்தனையோடு வெளியே விடும் அம்முறைக்கு அமெரிக்கர் 'பரோல்' என்று பெயரிட்டனர்.

ஒருகாலத்தில் அதிகாரியின் சொல்லே சொல். சிப்பாயின் சொல் சொல்லன்று. இப்போதோ தண்டனை பெற்ற குற்றவாளியிடமே 'உன் சொல் என்ன?' என்று அரசு கேட்கத் தொடங்கியது. இச்சொல்லின் வரலாற்றில் இதனைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை.

பிரெஞ்சுக்காரர் இன்று இதற்குத் தம் சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்பதும் குறிக்கத்தக்கது. 'நிபந்தனை விடுதலை' எனப் பொருள்படும் தொடரையே அவர்கள் சட்டத்தில் வழங்குகின்றனர். போரில் பரோல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. போர்க்கைதிகள் பற்றிய 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை, கைதியின் நாட்டுச் சட்டம் இடம்தந்தால் வாக்குறுதியின் பேரில் அவரை விடுவிக்கலாம் என்கிறது. அவ்வாறு சொல் தருமாறு எவரையும் வற்புறுத்தக்கூடாது என்றும் விதிக்கிறது.

இந்தியாவில் பொருள் மீண்டும் சற்று மாறியது. அமெரிக்காவில் பரோலில் வருபவர் பொதுவாகச் சிறைக்குத் திரும்புவதில்லை. கண்காணிப்பின்கீழ் எஞ்சிய காலத்தை வெளியே கழிப்பார். நம் நாட்டிலோ பரோல் என்பது திரும்பிச் செல்லவேண்டிய குறுகிய விடுப்பு. தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படையாக உள்ளவை 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள். அவை சாதாரண விடுப்பு, அவசர விடுப்பு என இருவகை விடுப்புகளைப் பேசுகின்றன. நாளிதழ்களும் மக்களும் இரண்டையும் 'பரோல்' என்றே அழைக்கின்றனர். வேறு சில மாநிலங்களில் 'பர்லோ' என்னும் மற்றொரு விடுப்பும் உண்டு. குறிப்பிட்ட தேவைக்காகத் தரப்படுவது பரோல், நெடுநாள் சிறையிலிருப்பவர் குடும்ப உறவை இழந்துவிடாதிருக்கக் காலமுறையில் தரப்படுவது பர்லோ என்று 2017ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பில் விளக்கியது. இவ்விரண்டாம் சொல் ஆங்கிலத்துக்கு டச்சு மொழியிலிருந்து வந்தது.

பிணை வேறு, பரோல் வேறு

'பிணையில் வந்தார்', 'பரோலில் வந்தார்' ஆகிய இரண்டையும் ஒன்றாக எழுதுவோர் உளர். வழக்கு முடிந்து தீர்ப்பு வருவதற்கு முன்பு, அல்லது மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது, நீதிமன்றம் விடுவிப்பது பிணை. ஜாமீன் என்பதும் அதுவே. தண்டனை அனுபவித்து வருபவரைக் குறிப்பிட்ட நாள்களுக்கு வெளியே விடுவது பரோல். பிணையில் பெரும்பாலும் ஈடாக ஒரு தொகை இருக்கும்; பொறுப்பேற்கப் பிறர் ஒருவர் இருப்பார். பரோல், அதன் மூலப்பொருளில், போகிறவரின் சொல்லை மட்டுமே ஈடாகக் கொண்டது. இன்றைய விதிகள் பரோலுக்கும் பிறர் உறுதியைக் கேட்பதுண்டு என்றாலும் வேறுபாடு அடிப்படையானது.

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் உள்ள 'மானுக்குப் பிணை நின்ற படலம்' இவ்வேறுபாட்டை எளிதில் விளக்கும். வேடனிடம் அகப்பட்ட பெண்மான், கன்றுக்குப் பாலூட்டித் திரும்பிவர விடைகேட்கிறது. நபிகள் நாயகம் அதற்குப் பிணையாக நிற்கிறார். மான் சென்று, கன்றைக் கண்டு, சொன்னபடியே கன்றோடு திரும்பி வருகிறது. வேடன் மானை விட்டது நாயகம் பிணை நின்றதனால். ஆகவே அது பிணை. மான் திரும்பி வந்ததோ தான் தந்த சொல்லினால். ஆகவே அதுவே பரோல். தமிழில் 'பிணை' என்பது பெண்மானுக்கும் பெயர். ஈடு நிற்றலுக்கும் பெயர். பிணைக்குப் பிணை நின்ற கதை என்று வகுப்பறையில் சொல்லி மகிழ இடமுண்டு.

தமிழில் 'பரோல்'

வேற்றுமொழிச் சொற்களைத் தமிழொலிக்கு ஏற்ப வழங்கவேண்டும் என்பது தொல்காப்பியம் முதல் வரும் நெறி. அந்நெறிக்குப் 'பரோல்' எந்த இடையூறும் செய்யவில்லை. பகரம் மொழிக்கு முதலாகும். லகர மெய் மொழிக்கு இறுதியாகும். கிரந்த எழுத்து ஏதும் வேண்டியதில்லை. 'ஜாமீன்' என்பதை எழுதும்போது உள்ள தடை இதற்கு இல்லை. வேற்றுமை உருபுகளும் இயல்பாகவே சேர்கின்றன: பரோலில் வந்தார், பரோலை நீட்டித்தனர், பரோலுக்கு விண்ணப்பித்தார்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி நெடுங்காலம் நிலவியபோதிலும் இச்சொல் நமக்கு அவ்வழியே வரவில்லை. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரைப் புதுச்சேரித் தமிழ் 'சொல்தா' என்று நேரடியாகவே பெயரிட்டு அழைக்கிறது. பரோலோ ஆங்கில நீதிமன்றம், ஆங்கிலச் சட்டநூல், பின்னர் நாளிதழ் எனச் சுற்றி வந்தது.

இதற்குத் தமிழ்ச்சொல்லாகச் 'சிறைவிடுப்பு' என்பது முன்வைக்கப்படுகிறது. ஆட்சிமொழிக்கு அது பொருத்தமானதே. தெளிவாகவும் இருக்கிறது. ஆயினும் அலுவலகத்திலும் பள்ளியிலும் விடுப்பு எடுப்பவர் யாருக்கும் வாக்குக் கொடுத்துச் செல்வதில்லை. 'விடுப்பு' என்னும்போது கிடைத்த நாள்கள் நினைவுக்கு வருகின்றன. கொடுத்த சொல் நினைவுக்கு வருவதில்லை. 'சொல்விடுப்பு' என ஒரு சொல்லாக்கம் செய்தால் மூலப்பொருள் மீளும். ஆனால் வழக்கில் நிற்குமா என்பது ஐயமே. மக்கள் 'பரோல்' என்றே சொல்லிப் பழகிவிட்டனர்.

பெரம்பலூர்ப் பகுதியிலிருந்து தண்டனை பெற்ற ஒருவர் திருச்சிராப்பள்ளி மத்தியச் சிறையில் இருப்பதாகக் கொள்வோம். தந்தை இறந்த செய்தி கேட்டு அவசர விடுப்பில் ஊருக்கு வருகிறார். வாசலில் உறவினர் சிலர் தழுவிக்கொள்கின்றனர். சிலர் ஒதுங்கி நிற்கின்றனர். கொள்ளி வைத்து, காரியம் முடித்து, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவர் புறப்படவேண்டும். குறித்த நாளில், குறித்த பொழுதுக்குள், சிறைவாயிலில் நிற்கவேண்டும் என்பது அவருடைய ஆணையில் எழுதப்பட்டிருக்கும். தவறினால் மீண்டும் குற்றம்; அடுத்த விடுப்புக்கும் வழியில்லை. அவர் தவறியது செய்தியானால், அவரைப்போல் விண்ணப்பித்துக் காத்திருக்கும் மற்றவர்களின் கோப்புகளும் தயக்கத்துடனேயே திறக்கப்படும். தாயிடம் சொல்லிக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையுடன், வாலிகண்டபுரம் நிறுத்தத்தில் அவர் திருச்சிப் பேருந்துக்காக நிற்கிறார்.